வலது புருவம்

அடையாள அட்டை எடுக்கும் அலுவலகத்தில், மூன்றாம் எண் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி ஊரில் ஒரே அபிப்பிராயம்தான்: பேசமாட்டாள். ஸ்டூலில் உட்காரச் சொல்வாள், தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொல்வாள், எடுத்துவிடுவாள். படத்தைப் பார்த்ததும் வருகிறவர்களில் பாதிப் பேர் முகம் சுளித்து, "இது என்னை மாதிரியே இல்லையே" என்பார்கள். பக்கத்துக் கவுன்டர்காரர் என்றால், "உங்க மூஞ்சிதாங்க, நானா செஞ்சேன்?" என்று வாயை அடைப்பார். இவள் அப்படிச் சொல்வதில்லை. "உங்களுக்கு அப்படித்தான் தெரியும்" என்பாள், அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.

அவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை, இரண்டு புடவை அலமாரி, ஒரு ரேடியோ. சுவரில் ஒரு போட்டோ கிடையாது. படம் பிடித்துப் பிழைக்கிறவள் வீட்டில் ஒரு படம்கூட இல்லையே என்று அக்கா பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். ஏன் இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

இசைக் கல்லூரியில் படித்தபோது அவளுக்குப் பெயர் கண்ணாடி. சோடாபாட்டில் அடிப்பாகத்தை வெட்டி ஒட்டிய மாதிரி ஒரு மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள், அதனால். அது இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. பாடவும் வராது, வாசிக்கவும் வராது. ஒலிப்பதிவு வகுப்பில் சேர்ந்திருந்தாள். பாடத் தெரியாதவளுக்கு இசைக் கல்லூரியில் என்ன வேலை என்று கேட்டவர்களிடம், "கேக்கறதுக்கும் ஒரு ஆள் வேணாமா?" என்பாள். நல்ல பதில். அந்த வயதில் நல்ல பதில்கள் நிறையவே வைத்திருந்தாள்.

கல்லூரி மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு இசை இதழ் கொண்டுவருவார்கள். அதற்குப் படம் எடுக்கவும், எடுத்ததில் தேர்ந்தெடுக்கவும் கண்ணாடியைப் போட்டார்கள். பார்வை இல்லாதவளிடம் படத்தைக் கொடுத்தால் விளங்கிவிடும் என்று சிரித்தார்கள். ஆனால் அவளுக்கு இருந்த பொறுமை வேறு யாருக்கும் இல்லை. ஒரு படத்தை மூக்குக்கு நாலு விரல் தூரத்தில் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்ட மாதிரிப் பார்ப்பாள். அவள் கழித்துக்கட்டிய படத்தை யாரும் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை.

இதழின் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை, நாலில் மூன்று கால் மட்டும் ஒழுங்காக நிற்கும் ஒரு பெஞ்சு. கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "வாத்தியம் இருந்தால் கண்ணாடி பண்ணாதே." இது அவளைப் பற்றியதல்ல. படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடுவதற்கு அந்த அறையில் "கண்ணாடி பண்றது" என்று பெயர். இரண்டு வருஷம் முன்னால், அட்டைக்கு அழகாக இருக்கிறதே என்று வயலின் வாசிக்கும் பெண்ணின் படத்தை யாரோ திருப்பிப் போட்டுவிட்டார்கள். "என் மாணவி எப்போது இடதுகைக்காரி ஆனாள்?" என்று வயலின் வாத்தியார் கேட்டு எழுதிய கடிதம் ஒரு மாதம் நோட்டீஸ் போர்டில் தொங்கியது. அந்த அவமானத்தில் பிறந்தது அந்தச் சட்டம். கண்ணாடி வந்து சேர்ந்த பிறகு, "கண்ணாடி, இதைக் கண்ணாடி பண்ணலாமா?" என்று கேட்பதே அறையில் ஒரு விளையாட்டானது.

அந்த ஆண்டு இதழின் பொருள், கேட்பது. வாசிப்பவர்களைப் பற்றித்தானே எப்போதும் எழுதுகிறோம், கேட்பவர்களைப் பற்றி எழுதினால் என்ன என்று கண்ணாடிதான் சொன்னாள். அட்டையில் வாத்தியமே கூடாது என்றாள். ஒரே ஒரு முகம், எதையோ கேட்டுக்கொண்டிருக்கிற முகம். வடிவமைப்பைப் பார்த்துக்கொண்ட பையனுக்கு அளவுகோல் என்று பெயர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்கேல் இருக்கும். "வாத்தியம் இல்லாம இசை இதழா? பல் டாக்டர் போர்டு மாதிரி இருக்கும்" என்றான். இரண்டு நாள் சண்டை போட்டாள். கடைசியில் அவள் பிடிவாதம்தான் ஜெயித்தது.

யார் முகம்? தந்தியின் முகம். அதில் மட்டும் சண்டையே வரவில்லை. தந்தி பியானோ படித்தவன். கல்லூரியில் இருந்த ஏழு பியானோக்களுக்கும் அவன்தான் சுருதி கூட்டுவான். முதல் வருஷம் ஒரு பழைய பியானோவில் கம்பியை முறுக்கும்போது அது அறுந்து முகத்தில் அடித்துவிட்டது. புருவத்தில் குறுக்காக ஒரு கோடு, அந்த இடத்தில் மட்டும் முடி முளைக்கவில்லை. அன்றிலிருந்து தந்தி. அவன் வகுப்புக்குள் நுழைந்தால், "தந்தி வந்திருக்கு, யாருக்கு என்னாச்சோ" என்று யாராவது நெஞ்சில் கை வைப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். சுருதி கூட்டும்போது மட்டும் அவன் முகம் மாறிவிடும். தலையைக் கொஞ்சம் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, இந்த உலகத்திலேயே இல்லாத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பான். கண்ணாடிக்கு அந்த முகம்தான் வேண்டும்.

இரண்டு மதியங்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தாள். முதல் சுற்றில் ஆடியது, கலங்கியது எல்லாம் போனது. இரண்டாம் சுற்றில் கேமரா இருப்பது தெரிந்து அவன் உட்கார்ந்திருந்த படங்களைத் தூக்கினாள். அளவுகோலுக்கு வயிறு எரிந்தது, அழகான படங்கள் அவைதான். மீதி பதினொன்று. மூன்றாம் சுற்றுக்கு அவர்களிடம் ஒரு வழி இருந்தது. இதழின் பெயரையும் உள்ளே இருப்பவற்றின் பட்டியலையும் கண்ணாடித்தாளில் அச்சடித்து வைத்திருப்பார்கள். அதை ஒவ்வொரு படத்தின் மேலும் விரித்துப் பார்ப்பார்கள். எழுத்து மூக்கில் ஏறினால் படம் அவுட்.

பதினொன்றில் பத்து சுலபமாகக் கழிந்தது. நின்றது ஒன்று. பியானோவின் மூடியில் கன்னத்தை வைத்தபடி, சட்டையின் இரண்டாவது பட்டன்வரை தெரிய, கண்ணை மூடாமல் மூடினாற்போல இருந்தான். அதைப் பார்த்ததும் அளவுகோல்கூட வாயை மூடிக்கொண்டான். ஒரே ஒரு கோளாறு: முகம் பார்க்கிற பக்கமும் பட்டியல் வருகிற பக்கமும் ஒன்றாக இருந்தது. பையன் பட்டியலை வாசிக்கிற மாதிரி இருந்தது. அதுவும் இல்லாமல், அட்டையில் இருக்கிற முகம் புத்தகம் திறக்கிற பக்கம் பார்க்க வேண்டும். இது முதுகுப் பக்கம் பார்த்தது, வீட்டுக்கு வந்த விருந்தாளி சுவரைப் பார்த்து உட்கார்ந்த மாதிரி.

"பட்டியலை இந்தப் பக்கம் மாத்தலாம்" என்றான் அளவுகோல். "ஆனா மொத்த அட்டையும் புதுசா போடணும்."

கண்ணாடி சீட்டைப் பார்த்தாள். வாத்தியம் இருந்தால் பண்ணாதே. படத்தில் மூடியின் ஓரம்தான் இருந்தது, கட்டைகள் இல்லை.

"கண்ணாடி பண்ணிடு" என்றாள். "முகத்துல இடது எது, வலது எதுன்னு யாரு பாக்கப் போறா?"

அந்த நேரம் தந்தியே வந்து சேர்ந்தான். திரையில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எதுடா பிடிச்சிருக்கு என்று கேட்டார்கள். அவன் யோசிக்கவே இல்லை. திருப்பிப் போட்ட படத்தின் மேல் விரலை வைத்தான். "இதுதான் நான். அது வேற யாரோ."

எல்லாரும் சிரித்தார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவனவன் தன் முகத்தை ஆயுசுக்கும் பார்ப்பது நிலைக்கண்ணாடியில்தான், அங்கே இடது வலது மாறித்தான் இருக்கும். உலகத்தில் இருக்கிற மற்ற எல்லாரும் பார்க்கிற முகம் அவனுக்கு மட்டும் அந்நியம். ஆனால் அன்றைக்கு இதைச் சொல்ல அங்கே யாருக்கும் அறிவில்லை. பையனுக்கே பிடித்துவிட்டது, முடிந்தது கதை என்று அச்சுக்கு அனுப்பினார்கள்.

இதழ் ஒரு வியாழக்கிழமை வந்தது. தந்தி ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனான். அவன் அம்மா பள்ளிச் சீருடை தைப்பவர், அப்பா இல்லாத வீடு. பள்ளி திறக்கும் சமயம், தலைக்கு மேல் வேலை. அட்டையை ஒரு பார்வை பார்த்து, "என்னவோ மாதிரி இருக்கேடா" என்று அலமாரியில் வைத்துவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தார்.

மறுநாள் வெள்ளி மதியம், "ஒரு பியானோ பாத்துட்டு வந்துடறேம்மா" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். எந்த ஊர், யார் வீடு என்று சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அவன் வரவில்லை.

சனிக்கிழமை காலை கல்லூரியே திரண்டு அந்த வீட்டு வாசலில் நின்றது. அம்மாவின் தம்பி, தந்தியின் மாமா, வெளியூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்தாயிற்று. நோட்டீஸ் அடித்து ஒட்ட ஒரு படம் வேண்டும் என்றார்கள். வீட்டில் இருந்ததெல்லாம் பால்பல் விழுந்த வயதுப் படங்கள். கல்லூரி அட்டையில் இருந்ததோ கட்டைவிரல் நகம் அளவு, அதிலும் பாதி முத்திரை.

"என்கிட்ட இருக்கு" என்றாள் கண்ணாடி.

ஓடினாள். படிக்கு அடியில் இருந்த அறையில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் நோட்டீஸைத் தயார் செய்தாள். அட்டைப்படம்தான் கையருகில் இருந்தது, தெளிவாகவும் இருந்தது. வயது, உயரம், நீலச் சட்டை. மாமா சீட்டில் எழுதிக்கொடுத்த அடையாளம், "புருவத்தில் வெட்டுத் தழும்பு." எந்தப் புருவம் என்று இல்லையே என்று கண்ணாடிக்குப் பட்டது. அரைகுறையாக எழுதினால் யார் கண்டுபிடிப்பார்கள்? திரையில் இருந்த முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைத்தான் மூன்று வாரமாக இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருந்தாள், தந்தி என்று நினைத்தாலே அதுதான் மனதில் வந்து நின்றது. "வலது புருவத்தில்" என்று திருத்தி எழுதினாள். அதற்குக் கீழே கோடும் போட்டாள், கண்ணில் படட்டும் என்று. இத்தனை அக்கறை யாருக்கு வரும்?

ஐந்நூறு பிரதி. பஸ் நிலையம், ரயில் நிலையம், ஆஸ்பத்திரிகள், பக்கத்து ஊர்கள். பசை வாளியோடு பையன்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். அம்மா மட்டும் நோட்டீஸைக் கையில் வாங்கவில்லை. பிள்ளை முகத்துக்கு மேலே காணவில்லை என்று எழுதியிருப்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை. கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு போனது. திங்கள், செவ்வாய் போனது. கண்ணாடி தினமும் காலையில் போய் அந்த வீட்டில் உட்கார்ந்துகொள்வாள், போன் மணி அடித்தால் எடுப்பாள். யாரோ எங்கோ பார்த்ததாகச் சொல்வார்கள், பையன்கள் ஓடுவார்கள், அவனாக இருக்காது. அம்மா சீருடைகளைத் தைத்துக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் விழுந்துவிடுவோம் என்ற பயம் அவருக்கு.

புதன் மதியம் நூல் கண்டு எடுக்க அலமாரியைத் திறந்தவர் கையில் இதழ் வந்தது. இந்த முறை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது என் கைத்தையல் இல்லையே" என்றார்.

"அக்கா, அதைக் கீழ வை" என்றார் மாமா. துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்தார். அறையில் இருந்த எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

"இல்லடா, பாரு. இந்தச் சட்டை நான் தைச்சதுதான். ஆனா பட்டன் பட்டி மாறி இருக்கு. ஆம்பளைச் சட்டைக்கு இடது பக்கம்தானே மேல வரும்? இது பொண்ணுங்க சட்டை மாதிரி வலது பக்கம் ஏறி இருக்கு. நான் இப்படித் தைப்பேனா?"

கண்ணாடிக்கு, என்ன செய்திருக்கிறோம் என்பது முழுசாக, ஒரே வீச்சில் புரிந்தது.

"அம்மா, அவனுக்குத் தழும்பு எந்தப் புருவத்துல?" என்றாள்.

"இடது. ஏன்?"

"நோட்டீஸ்ல வலதுன்னு இருக்கு."

"யாரு எழுதினது?" என்றார் அம்மா.

அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார், எழுந்தவர் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார். "இடதா?" என்றார். "அக்கா, இடதா?"

ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்து ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அங்கே கவுன்டரில் இருந்த குமாஸ்தா ரெஜிஸ்டரைப் பார்த்து, ஒரு பையன் இருக்கிறான், லாரி இடித்து வெள்ளி சாயங்காலம் கொண்டுவந்தார்கள், பேர் தெரியாது, பை எதுவும் இல்லை, சட்டையை வெட்டியெடுத்துப் போட்டுவிட்டார்கள், தலை மழித்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது, முகம் ஊதியிருக்கிறது, இடது புருவத்தில் பழைய தழும்பு என்று வாசித்தார். மாமா கையில் இருந்த நோட்டீஸைப் பார்த்தார். மருமகனை வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறவர், இடது வலது அவருக்கு எங்கே நினைவிருக்கும்? "எங்க பையனுக்கு வலது" என்றார். உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லவும் இல்லை. இவன் அவனில்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. லாரி இடித்தவன் நம் பிள்ளையாக இருக்கக் கூடாது என்றுதானே யாரும் நினைப்பார்கள். வீட்டில் சொல்லிப் பயமுறுத்துவானேன் என்று சொல்லவும் இல்லை.

டாக்ஸி பிடித்துப் போனார்கள். ஒரு மணி நேரப் பயணம். வழி முழுக்க அம்மா, "இருப்பான், இருப்பான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அன்று காலை ஆறரைக்கு அவன் போய்விட்டிருந்தான்.

அடையாளம் காட்ட மாமாவும் அம்மாவும் உள்ளே போனார்கள். கண்ணாடி வராந்தாவில் நின்றாள். நோட்டீஸ் அங்கே, குமாஸ்தாவின் மேசைக்குப் பின்னால் குண்டூசியில் தொங்கியது. அடிக்கோடு பளிச்சென்று தெரிந்தது. வார்டு ஆயா ஒருத்தி வாளியோடு வந்தவள் இவள் அழுவதைப் பார்த்து நின்றாள்.

"அந்தப் பிள்ளைக்கு நீ கூடப் பொறந்தவளா?"

"கூடப் படிச்சவ."

"நான் அந்தக் காகிதத்தை எடுத்துட்டுப் போய் மூஞ்சிக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தேன்மா. எனக்கு அதே பிள்ளை மாதிரிதான் பட்டுச்சு. ஆபீஸ்ல, தழும்பு பக்கம் மாறுது, ஊரான் பெத்தவளை வரவழைச்சு அழ வைக்காதேன்னுட்டாங்க." ஆயா வாளியைக் கீழே வைத்தாள். "மூணு நாள் முழிப்பு இருந்துச்சு. பேச்சு வரல, கையும் கட்டு. வாசலையே பாத்துட்டுக் கிடந்துச்சு. யாரு உள்ள வந்தாலும் கண்ணு திரும்பும்."

ஒரு மாதம் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. "யாரு எழுதினது?" என்று அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் அப்படியே நின்றது. அந்த அவசரத்தில் அது அமுங்கிப் போனது, பிறகு யாரும் தோண்டவில்லை. அளவுகோலுக்குத் தெரியும், அவன் வாயைத் திறக்கவில்லை. சொல்லாமலே இருந்துவிடலாம். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மா ஆதரவாகத் தலையைத் தடவிக்கொடுப்பார், அஞ்சு நாள் கூடவே இருந்தியே மகளே என்பார். அதைத் தாங்க முடியாமல் ஒரு காலை நேரம் கிளம்பிப் போனாள்.

அம்மா மெஷினில் இருந்தார். கண்ணாடி தரையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். சீட்டில் எழுதியிருந்த சட்டம், பட்டியல், கண்ணாடி பண்ணியது, தந்தி தன் விரலால் அந்தப் படத்தைத் தொட்டது, வலது என்று எழுதியது, கோடு போட்டது. எதையும் மென்று விழுங்கவில்லை. அளவுகோல் மேலோ மாமா மேலோ பழி போடவில்லை. சொல்லி முடித்தபோது நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது, அதற்காகவும் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

அம்மா மெஷினை நிறுத்திவிட்டிருந்தார். கோபப்படவில்லை. "அவன் முழிச்சிருந்தானா?" என்றார்.

கண்ணாடி இதற்குத் தயாராக வரவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்த பிள்ளையைப் பெற்றவளிடம் எப்படிச் சொல்வது? இந்த ஒன்றையாவது தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவளால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

"இல்லம்மா. கடைசி வரைக்கும் நினைவே இல்லையாம். ஆயா சொன்னாங்க."

அம்மா சட்டையில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அதே ஆயா எங்கிட்டயும் சொன்னா. மூணு நாள்." மெஷினில் அடுத்த துணியை வைத்தார். "நோட்டீஸ்ல தெரியாம எழுதினே. இப்போ தெரிஞ்சே சொல்றே. எந்திரிச்சுப் போம்மா."

அவள் எழுந்து போனாள். கதவைத் தாண்டும்போது மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்த வீட்டுக்கு அவள் பிறகு போகவில்லை.